ஒரே தாளில் மூன்று கையெழுத்து

எனக்கு வந்த ஒப்பந்தப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் நாலு கோடு போட்டிருந்தது. ஒவ்வொரு கோட்டுக்குக் கீழேயும் ஒரு பெயர். கம்பெனியின் கோடு காலி. அண்ணன் கோடு காலி. தம்பி கோடும் காலி. அந்த மூன்றும் காலியாக இருந்ததால்தான் நான் என் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். இதைச் சொன்னால் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எங்கள் அச்சகத்தில் ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்து பேசுங்கள், அப்போது புரியும்.

எங்களுடையது மருந்துக்கு லேபிளும் அட்டைப் பெட்டியும் அடிக்கிற அச்சகம். கல்யாணப் பத்திரிகையில் பிழை வந்தால் மாமனார் கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான். மருந்து லேபிளில் ஐந்து சொட்டு என்பது ஐம்பது சொட்டு ஆகிவிட்டால் ஒரு உயிர் போய்விடும். அதனால் அப்பா ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தார். வரிசையாக மூன்று கட்டம். வாசகம், நிறம், வெட்டு. மிஷினிலிருந்து முதல் தாள் வந்ததும் அதன் பின்பக்கத்தில் ஸ்டாம்பைக் குத்தி மூன்று பேரிடமும் சுற்றுக்கு விடுவோம். வாசகம் அண்ணன் பார்ப்பார். நிறம் நான். சரியாக வெட்ட வருமா என்று தம்பி பார்ப்பான். ஒரே தாளில் மூன்று கையெழுத்தும் விழுந்தால்தான் மிஷின் ஓடும். ஒரு கட்டம் காலி என்றாலும் ஓடாது.

அப்பாவுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. கையெழுத்துப் போடாதவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் முகதாட்சண்யத்துக்காகப் போட்டுவிடுவார்கள், அப்புறம் மருந்து குடிக்கிறவன் கதி என்ன என்பார். அப்பா போய் பதினொரு வருடம் ஆகிறது. சட்டம் அப்படியே இருந்தது.

இருபத்தைந்து வருடத்தில் அதிகம் போடாமல் இருந்தது நான்தான். ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது, எனக்குக் கண் அப்படி. எழுத்துப் பிழை எல்லார் கண்ணுக்கும் தெரியும், நிறத்தில் வரும் பிழை எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் எனக்கு 'ஸ்பீட் பிரேக்கர்' என்று பெயர் வைத்தார். மிஷின் ஓட்டுகிறவர்கள் முதற்கொண்டு முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள். நான் வருவதைப் பார்த்தால் "மெதுவாப் போ, மேடு வருது" என்று ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொள்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு இருமல் மருந்துப் பெட்டியின் சிவப்பில் சிரிப்பு நின்றுபோனது. வாடிக்கையாளர் கேட்டது மஞ்சள் தட்டின சிவப்பு. மிஷினில் வந்தது நீலம் தட்டின சிவப்பு. நான் போடவில்லை. இரண்டு நாள் மையைக் கலக்கிக் கலக்கிப் பார்த்தேன், அதற்குள் அந்த ஆள் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டான். அதற்கு அப்புறம் வீட்டில் எது நடக்காமல் போனாலும் பழி என் தலையில்தான். அண்ணன் மகளுக்கு ஒரு சம்பந்தம் தள்ளிப் போனபோதுகூட அண்ணி, "இந்தக் குடும்பத்துல எல்லாத்துக்கும் ஒருத்தர் குறுக்க நிப்பாங்க" என்றார். எனக்கும் அந்தச் சம்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம், நீங்களே சொல்லுங்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய அச்சுக் கம்பெனி வந்து எங்கள் அச்சகத்தை விலைக்குக் கேட்டது. எங்கள் மிஷின்கள் எல்லாம் கிழம். அவர்கள் கண் மிஷின் மேல் இல்லை, என் மேல் இருந்தது. எந்த மருந்துக்கு எந்த மையை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று நான் எழுதி வைத்த பதினாலு நோட்டு இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் மை தடவிக் காட்டியிருப்பேன். அந்த நோட்டுகளும் வேண்டும், நானும் வேண்டும். அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடலாம். நான் மட்டும் ஐந்து வருடம் அவர்கள் தொழிற்சாலையில் நிறப் பிரிவில் வேலை பார்க்க வேண்டும். நடுவில் விடக் கூடாது. வேறு எங்கேயும், என் வீட்டுத் தேவைக்குக்கூட, ஒரு சொட்டு மை கலக்கக் கூடாது. எனக்கு நாற்பத்தேழு வயது. அந்த அச்சகத்தின் பின்னறையில் வடக்கு ஜன்னல் பக்கம் என் கண்ணாடி மேஜையைத் தவிர வேறு இடத்தில் எனக்கு உட்காரத் தெரியாது. விற்பதில் எனக்கு இஷ்டமே இல்லை.

அண்ணனும் முதலில் தாம்தூம் என்று குதித்தார். "நான் உசுரோட இருக்கற வரைக்கும் அந்த போர்டு இறங்காது" என்றார். ஆனால் கம்பெனிக்காரர்கள் வந்து எதிரே உட்கார்ந்தால் இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழாது. பார்க்கலாம், பேசலாம், யோசிக்கலாம். தம்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவனை வீட்டில் ஊமைக்கோட்டான் என்போம். வேண்டும் என்றும் சொல்ல மாட்டான், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டான். ஆக மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டிருக்க, பேச்சு மட்டும் வளர்ந்து வளர்ந்து ஒப்பந்தமாக வந்து நின்றது.

அந்தச் சமயத்தில் அண்ணன் மகளுக்குப் பிரசவம். அண்ணனும் அண்ணியும் வேறு ஊரில், மகள் வீட்டில். எனக்கோ காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன். தம்பி அச்சகத்தில். மூன்று பேரை ஓரிடத்தில் உட்கார வைக்க முடியாது என்று கம்பெனியின் வக்கீலம்மா ஆளுக்கொரு பிரதியாகத் தனித்தனிக் கவரில் அனுப்பிவிட்டார். கவர் மேல் ஒரு குறிப்பு இருந்தது. உங்கள் பெயருக்கு மேல் மட்டும் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கவர் வந்துச்சா அண்ணா?"

"வந்துச்சு."

"என்ன செய்யறது?"

"நான் என்னத்தச் சொல்ல. உனக்குத் தெரியாததா?"

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. வைத்துவிட்டார். உனக்குத் தெரியாததா என்றால் என்ன அர்த்தம் என்று நானாக ஒன்று நினைத்துக்கொண்டேன். நான் போடமாட்டேன், அது உனக்கே தெரியும் என்கிறார் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சல் மாத்திரையை உரித்துக்கொண்டே, "எதுக்கு எப்பப் பாரு நீயே கெட்ட பேர் வாங்கறே? இந்தத் தடவையாவது மத்தவங்க வேணாம்னு சொல்லட்டுமே" என்றார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அண்ணன் கோடு காலி. எங்கள் அச்சகத் தாள் மாதிரி இந்தப் பிரதியும் சுற்றிக்கொண்டு அவரிடம் போகும், அவர் போடமாட்டார், மிஷின் ஓடாது. ஸ்பீட் பிரேக்கர் பட்டத்தை ஒரு தடவை அவர் சுமக்கட்டும். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக, சரியாகப் பார்க்காமல், சந்தோஷமாகக்கூட, கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து வக்கீலம்மாவின் அலுவலகத்திலிருந்து போன். மூன்று பேரும் வந்து ஒப்பந்தத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எந்த ஒப்பந்தம் என்றேன். எதிர்ப்பக்கம் சிரித்தது.

வக்கீலம்மா நல்ல மனுஷி. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மேஜை மேல் நாலு பிரதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாலிலும் கடைசிப் பக்கம் திறந்திருந்தது. முதலாவதில் கம்பெனி மட்டும் போட்டிருந்தது. இரண்டாவதில் அண்ணன் மட்டும். மூன்றாவதில் நான் மட்டும். நாலாவதில் தம்பி மட்டும், குட்டிக் கையெழுத்து. வக்கீலம்மா நாலு கடைசிப் பக்கத்தையும் உருவி, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, ஒரே கட்டாக கிளிப் போட்டார்.

"அவ்வளவுதான். இப்ப இது ஒரே ஒப்பந்தம்" என்றார்.

"எப்படிம்மா?" என்றேன். "நாலும் நாலு தாள். எதுலயும் எல்லாரும் போடலயே."

"போட வேண்டியதில்ல. இருபத்தொண்ணாவது பிரிவு பாருங்க. ஆளுக்கொரு பிரதியில போட்டாலும் எல்லாம் சேர்ந்து ஒண்ணுதான். கடைசிப் பிரதி எங்க கைக்கு வந்த நிமிஷத்துலேர்ந்து செல்லும்."

"கடைசியா எது வந்துது?"

அவர் ஒரு சீட்டைப் பார்த்தார். "உங்களோடதுதான்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"நீ போட்டியா?" என்றார்.

"நீங்க போட்டீங்களா?"

"நீ எப்படிப் போட்டே? நீ போடமாட்டேன்னு நம்பித்தானே நான் போட்டேன். உலகமே தலைகீழானாலும் இவ போடமாட்டா, நம்ம எதுக்கு அவங்க கிட்ட மூஞ்சியக் காட்டிக்கணும்னு போட்டேன். உனக்குத் தெரியாததான்னு சொன்னேனே?"

"அதுக்கு அதா அண்ணா அர்த்தம்?"

"வேற என்ன அர்த்தம்?"

என்னத்தைச் சொல்வது. இருபத்தைந்து வருடம் என்னைத் திட்டிக்கொண்டே என் மேல்தான் சாய்ந்து நின்றிருக்கிறார்கள். அதை ஒரு தடவை வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் அந்தப் பேனாவைத் தொட்டிருப்பேனா? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அண்ணனைப் போலத்தான் நம்பி ஏமாந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

வக்கீலம்மாவுக்கே எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பதினெட்டாவது பிரிவு என்று ஒன்றைக் காட்டினார். அச்சகம் கைமாற இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் பங்குதாரர்கள் மூவரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தம் ரத்து. இரண்டு பேர் எழுதினால் போதாது, மூவரும் எழுத வேண்டும். "இதையும் தனித்தனியாவே எழுதித் தரலாம்" என்றார்.

"வேணாம்மா" என்றேன். "ஒரே தாள்ல தர்றோம்."

அண்ணன் மறுபடி மகள் வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது, குழந்தைக்கு மஞ்சள் காமாலை. அவர் திரும்பி வருவதற்குள் ஒன்பது நாள் போய்விட்டது. நான் அந்த ஒன்பது நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. பின்னறையில் மை கலக்கும்போதெல்லாம் ஜன்னலைப் பார்ப்பேன். இரண்டு பேர் போட வேண்டும், இரண்டே பேர், என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். பத்தாம் நாள் காலையில் ரத்துக் கடிதத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். கீழே அப்பாவின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினேன். நிறம் என்ற கட்டத்தில் என் கையெழுத்து. அண்ணன் வந்ததும் நின்றுகொண்டே வாசகத்தில் போட்டார். "சாயங்காலம் அஞ்சுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துடணும். வண்டிய வெளிய எடுக்கறேன், நீ தம்பி கிட்ட வாங்கிட்டு வா" என்றார். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சாப்பாட்டு நேரம். கட்டிங் மிஷின் பக்கத்தில் தம்பி மட்டும் இருந்தான். ஒரு கட்டு லேபிளைக் கத்திக்கு அடியில் தள்ளி, கையை எடுத்து, மிதியை அழுத்தினான். கத்தி இறங்கி ஏறியது. நான் தாளை நீட்டினேன். வாங்கிப் படித்தான். பேனாவைக் கொடுத்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"என்னடா?"

"ஏன் போடலன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கக் கூடாது. அப்பா சட்டம்."

"தெரியும்" என்றான். "அதனாலதான் என்னை யாரும் எதையும் கேட்டதே இல்ல. பதினேழு வயசுல இந்த மிஷின் முன்னாடி கொண்டு வந்து நிக்க வெச்சாரு. அன்னிக்கும் கேக்கல. நீயாவது கேளுக்கா."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "சரி, ஏன்?" என்றேன்.

"பயம்" என்றான். "கத்தி மேல போனதும் எண்ணுவேன், பத்து விரலும் இருக்கான்னு. ஒவ்வொரு வெட்டுக்கும் எண்ணுவேன். இருபத்திரண்டு வருஷமா. வீட்டுல தட்டு முன்னாடி உட்கார்ந்தாலும் எண்ணுவேன். தூக்கத்துல கை வெளிய நீட்டிட்டா முழிச்சுக்குவேன். அந்தக் கவர் வந்தப்போ நீ போடமாட்டேன்னுதான் நெனச்சேன். ஆனா தப்பித் தவறி நீ போட்டுட்டா? அப்படி ஒரு நப்பாசையிலதான் போட்டேன். அன்னிக்கு அந்தம்மா கிளிப் போட்டாங்களே, அன்னிக்குப் பகல்லயே வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டேன். இந்தப் பத்து நாளா எண்ணல."

"வேற ஆளைப் போடலாம்டா. நான் அண்ணன் கிட்டப் பேசறேன்."

"யாரைப் போடுவே? இந்தக் காவல் கம்பி ஒடைஞ்ச மிஷின் முன்னாடி யாரைக் கூட்டிட்டு வந்து நிறுத்துவே? அவன் விரலை நான் உட்கார்ந்து எண்ணணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லிப் பயன் இல்லை, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடம் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. இவன் நிம்மதியாகத் தூங்குவதற்கு நான் ஐந்து வருடம் போய் அடைந்து கிடக்க வேண்டுமா? நான் என்ன பாவம் செய்தேன்?

அவன் என் முகத்தைப் பார்த்தான். "நீ போடுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போட்டுடறேன்" என்றான். "சத்தியமாப் போடறேன். நீ சொல்லி நான் எதைச் செய்யாம இருந்திருக்கேன்."

அது உண்மை. சின்ன வயதிலிருந்து நான் சொல்லி அவன் தட்டியதில்லை. இடது கையால் தாளை மிஷின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டு, வெட்டு என்ற கட்டத்துக்கு மேலே பேனாவைக் கொண்டுவந்துவிட்டான். போடு என்கிற வார்த்தை என் தொண்டைக்கு வந்தது, பல் வரைக்கும் வந்தது. அவன் இடது கையின் ஐந்து விரலும் அந்தத் தாள் மேல் விரிந்து கிடந்தன. நான் எண்ணினேன். அப்போது நானும் எண்ணினேன்.

"குடுடா" என்று பேனாவைப் பிடுங்கினேன். "போய்ச் சாப்பிடு."

வாசலில் அண்ணன் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றார். நான் நடைவழியில் சுவரில் தாளை வைத்து, நிறம் என்ற கட்டத்தில் இருந்த என் கையெழுத்தைக் குறுக்கே இரண்டு கோடு போட்டு அடித்தேன். வெளியே வந்து கொடுத்தேன். அண்ணன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது என்ன?"

"நான் அடிச்சுட்டேன். யோசிச்சேன், கம்பெனி வேலை எனக்கு நல்லதுதான்னு தோணுது."

"தம்பி?"

"அவன் கிட்ட நான் காட்டவே இல்ல."

அண்ணன் வண்டியை நிறுத்தினார். சாவியைக் கையில் வைத்து உருட்டினார். "அழுத அழுகை என்ன, சாப்பிடாம கெடந்தது என்ன. நீ என்னிக்குத்தான் ஒரு காரியம் நடக்க விட்டிருக்கே?" என்றார். அப்பாவின் போர்டை அண்ணாந்து பார்த்தார், கண் கலங்கியிருந்தது. "ஸ்பீட் பிரேக்கர்" என்றார். அந்தத் தடவை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நான் ஆமாம் என்றேன். அதற்கு அப்புறம் அவர் என்னோடு பேசுவதில்லை.

இப்போது நான் கம்பெனியின் நிறப் பிரிவில் இருக்கிறேன். கழுத்தில் மாட்டியிருக்கும் அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும், உள்ளே வரவும் வெளியே போகவும். வெளிச்சம் மாறினால் நிறம் மாறித் தெரியும் என்று இந்த அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. என் பதினாலு நோட்டும் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன, சாவி மேலாளரிடம். தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். போன வாரம் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். கையைப் பார்க்காமல் சாப்பிட்டான், நான் கவனித்தேன்.

இங்கே ஒரு தாளில் ஒரே கட்டம்தான். மற்றவர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து அவரவர் தாளில் போடுகிறார்கள், யார் என்றுகூட எனக்குத் தெரியாது. இன்றைக்குக் காலையில் ஒரு சிவப்பு வந்தது. நீலம் தட்டின சிவப்பு. நான் போடாமல் தாளைத் தள்ளி வைத்தேன். பத்து நிமிடத்தில் மேலாளர் எட்டிப் பார்த்தார். வயதில் சின்னவர், மரியாதையானவர்.

"என்னம்மா, போடலயா?"

"நிறம் சரியில்ல தம்பி."

"அப்படியா? சரி, பரவால்லம்மா. உங்க தாள் சும்மா பதிவுக்குத்தான். மத்த தாளெல்லாம் வந்தாச்சு."

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓட ஆரம்பித்தது. பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டு மணியைப் பார்த்தேன், பத்து இருபதுதான் ஆகியிருந்தது.